இழுக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும்

வீட்டை முற்றாக விட்டுப் பிரியாமலே ஊர் சுற்ற வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் புதியதன்று. கூடார வண்டியில் அரிசியும் சட்டி பானையும் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குச் சென்று, கோயில் வீதியோரத்து மரநிழலில் உலை வைத்து உண்டு, வண்டியின் அடியிற் பாய் விரித்து உறங்கிய நம் முன்னோரும் அவ்வாசையை அறிந்தவர்களே. ஆயினும் கட்டிலும் சமையலறையும் குளியலறையும் அமைந்த ஒரு சிறு வீட்டையே மோட்டார் வண்டியின் பின்னாற் கொளுவி, நாடெங்கும் இழுத்துச் செல்லும் வழக்கத்தைப் பெரிதும் பரப்பியவர்கள் அமெரிக்கர்களே. வொலி பையம் என்பவர் 1930-களில் அமைத்த 'எயர்ஸ்ட்ரீம்' என்னும் வெள்ளிநிற வண்டிகள் இவ்வழக்கத்துக்குப் பெரும் புகழ் தேடித் தந்தன. 1959 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் கேப்டவுனிலிருந்து புறப்பட்டு, அடுத்த ஆண்டில் எகிப்தின் கெய்ரோ நகரை அடைந்த அவ்வண்டிகளின் நெடும் பயணத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே.

ஆங்கிலத்தில் 'ட்ரவல் ட்ரெயிலர்' எனப்படும் அவ்வண்டியை நாம் ஈண்டு இழுவை வீடு என்றே அழைப்போம். நம்மவர் குடும்பங்கள் பல இன்று வட அமெரிக்காவில் வாழ்கின்றன. அவர்தம் பிள்ளைகள் விடுமுறை வந்ததும் மலைக்கும் ஏரிக்கும் போகவே விரும்புவர். ஆதலால் இஃது அயலார் கதையென்று ஒதுக்கத் தக்கதன்று.

அந்நாட்டில் அடிக்கடி நிகழ்வது இது. ஒரு குடும்பம் முதலிற் சிறியதோர் இழுவை வீட்டை வாங்குகிறது. பிள்ளைகள் வளர்கிறார்கள், இடம் போதவில்லை, பெரியதொன்று வருகிறது. பழைய பிக்கப் லொறியே அதையும் இழுக்கிறது. ஒரு கோடையில் நீண்ட மலையேற்றம் ஒன்றில் எஞ்சின் ஓலமிடுகிறது, வேகம் குறைகிறது, பின்னால் வருபவர் ஒலியெழுப்புகின்றனர். வீடு திரும்பியதும் தந்தையார் முடிவுக்கு வந்துவிடுகிறார்: "இனி ஒரு பெரிய டீசல் லொறிதான் வேண்டும்." அந்த முடிவு சரியானதாகவும் இருக்கலாம். ஆனால், ஏற்றத்தில் எஞ்சின் தளர்ந்தமையை மட்டும் காரணமாகக் கொண்டு அம்முடிவுக்கு வருபவர், சரியான பொருளைத் தவறான காரணத்துக்காக வாங்குகிறார் என்பதே எமது கருத்து. காரணம் தவறினால், வாங்கிய பொருளும் பல வேளைகளில் தவறிப்போகும்.

1954 ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி லோங், லோங் ட்ரெயிலர்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் இந்த விடயத்தை நகைச்சுவையோடு காட்டியது. வின்சென்டி மினெல்லி இயக்கிய அப்படத்திலே லூசில் போலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் புதுமணத் தம்பதியராக நடித்தனர். கார் ஒன்றின் பின்னாற் பெரியதோர் இழுவை வீட்டைக் கட்டிக்கொண்டு அவர்கள் புறப்படுகிறார்கள். மனைவி, தங்கிய இடங்களின் நினைவாகக் கற்களைப் பொறுக்கிச் சேர்க்கிறாள். பழங்களைப் பாகிலிட்டுப் போத்தல்களில் நிரப்பி அடுக்குகிறாள். மலைப்பாதை வருமுன் அவற்றை எறிந்துவிடும்படி கணவன் சொல்லியும் அவளுக்கு மனம் வரவில்லை. கற்களை வண்டிக்குள்ளேயே ஒளித்து வைக்கிறாள். குறுகிய மலைப்பாதையில் வண்டி சரிய, கற்கள் உருள, இருவர் உயிரும் ஊசலாடுகின்றன. பார்ப்பவர் சிரிப்பர். ஆயின், அக்கற்களுள் எந்தவொரு கல்லும் தனியே வண்டியைக் கவிழ்க்கத் தக்க பாரமுடையதன்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாரம் எப்பொழுதும் ஒவ்வொரு கல்லாகவே வந்து சேர்கிறது.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மூட்டைகளை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்த்தே ஏற்றவேண்டும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தி மாட்டை மண்டியிடச் செய்யும். அளவான முன்பாரமே நல்ல வண்டிக்கு இலக்கணம். இழுவை வீட்டுக்கும் இலக்கணம் இதுவே. அதன் முழுப் பாரத்தில் 100-க்கு 10 முதல் 15 வரையான பங்கு, முன்னாலுள்ள கொளுவியின் வழியாக லொறியின் மேல் அமர வேண்டும். இப்பங்கு குறைந்தால் இழுவை வீடு வேகத்தில் இடமும் வலமுமாக வீசத் தொடங்கும். அவ்வீச்சு மிகுந்தால் லொறியையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஆகவே முன்பாரத்தைக் குறைத்துத் தப்பிக்க வழியில்லை.

இங்கேதான் இருவேறு எண்கள் எதிர்ப்படுகின்றன. ஒன்று, லொறி எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்பது. விளம்பரங்களிற் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது இதுவே. மற்றையது, லொறி தன் முதுகில் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பது. இது ஓட்டுநரின் கதவோரத்தில், ஆட்களும் பொருள்களும் சேர்ந்து இத்தனை இறாத்தலுக்கு மேற்படலாகாது என்று சிறிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும். கொளுவியில் அமரும் முன்பாரமும் இந்தத் தாங்கும் கணக்கிலேயே சேரும் என்பதைப் பலர் அறியார்.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழைய வழக்கப்படி 'அரைத்தொன்' என்று இன்றும் அழைக்கப்படும் பிக்கப் லொறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர்தான் அரைத்தொன், இக்காலத்து வண்டிகள் அதனிலும் மிகுதியாகத் தாங்கும். விளம்பரம் 10,000 இறாத்தல் இழுக்கும் என்கிறது. கதவோரச் சீட்டு 1,500 இறாத்தல் தாங்கும் என்கிறது. இழுவை வீடு பொருள்களோடு 7,500 இறாத்தல். விளம்பரத்தை மட்டும் பார்ப்பவர், 'இன்னும் 2,500 இறாத்தல் மிச்சம்' என்று மகிழ்வார். இனிக் கதவோரச் சீட்டைப் பாருங்கள். முன்பாரம் 100-க்கு 13 வீதம் 975 இறாத்தல். தாய், தந்தை, இரு பிள்ளைகள் 550. பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் இரும்புக் கொளுவி 100. லொறியின் பெட்டியில் விறகு, மிதிவண்டிகள், குளிர்ப்பெட்டி 200. கூட்டினால் 1,825 வருகிறது. தாங்கும் எல்லையைக் கடந்து 325 இறாத்தல் ஏறிவிட்டது. இழுக்கும் வலிமை மிஞ்சிக் கிடக்க, தாங்கும் வலிமை தீர்ந்துபோயிற்று.

விளம்பர எண் பொய்யென்று நாம் சொல்லவில்லை. முன்னாளில் ஒவ்வொரு கம்பனியும் தன் மனம்போல இழுவை எண்ணைக் கூறிவந்தது. எஸ்.ஏ.ஈ. என்னும் எஞ்சினியர் சங்கம் 2008 ஆம் ஆண்டில் ஜே 2807 என்னும் பொது விதியை வகுத்தது. அவ்விதிப்படி, அரிசோனா மாநிலத்து டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள பெருஞ்சாலையில், 11 மைலுக்கு மேல் நீண்டு ஏறக்குறைய 3,000 அடி உயரும் ஏற்றத்தை வண்டி ஏறிக் காட்ட வேண்டும். பரனைற் அளவில் 100 பாகை வெப்பத்தில், குளிரூட்டியை முழுதாக இயக்கியபடி, மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். பின்புறம் இரட்டைச் சில்லுடைய பெருவண்டிகளுக்கு 35 மைல். நல்ல சோதனைதான். ஆனால் அக்கணக்கில் வண்டிக்குள் இருப்பவர் இருவர். ஆளுக்கு 150 இறாத்தல். முன்பாரம் 100-க்கு 10 மட்டுமே. பின்னாசனத்துப் பிள்ளைகளும் விறகும் மிதிவண்டியும் அந்த எண்ணில் இல்லை. குடும்பத்தின் கணக்கைக் குடும்பமே போட வேண்டும்.

இனி, ஏற்றத்தை விட்டு இறக்கத்துக்கு வருவோம். கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரிலிருந்து மேற்கே செல்லும் 70 ஆம் இலக்கப் பெருஞ்சாலை, 1973 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஐசனோவர் சுரங்கத்தின் வழியாக மலைத்தொடரைக் கடக்கிறது. அங்கே உயரம் 11,158 அடி. காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. காற்றைத் தானே உறிஞ்சும் சாதாரண பெற்றோல் எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும். சுழலியின் உதவியாற் காற்றை அமுக்கி உட்கொள்ளும் டீசல் எஞ்சினுக்கு அத்துன்பம் குறைவு. ஆனால் மூச்சு வாங்கிய வண்டிக்கு நேரும் நட்டம் சில நிமிடங்களே. வலப்புற ஒழுங்கையில் மெல்ல ஊர்ந்து ஏறினால் உச்சியை அடைந்துவிடலாம்.

சுரங்கத்தைத் தாண்டியதும் மேற்கே 100-க்கு 7 வீதச் சரிவு. சில்வர்தோண் என்னும் ஊரை அடையுமுன் சாலை 2,000 அடிக்கு மேல் இறங்குகிறது. லொறியும் இழுவை வீடும் சேர்ந்து 14,000 இறாத்தல் என்று கொள்வோம். 2,000 அடி இறங்கும்போது 2 கோடியே 80 இலட்சம் அடி-இறாத்தல் சக்தி எங்கேனும் செலவழிய வேண்டும். வேகமாக மாறாதபடி தடுத்தால் அது வெப்பமாகவே மாறும். அவ்வெப்பம் முழுவதையும் திரட்டினால், 30 பாகை சென்ரிகிரேட் வெப்பமுள்ள தண்ணீரில் ஏறக்குறைய 130 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ஒரு பகுதியைக் காற்றும் ரயர்களும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதை ஏற்கவேண்டியவை எஞ்சினும் பிறேக்குகளும். எஞ்சின் தடுக்காவிடின் சுமை முழுவதும் பிறேக்குகளின் மேலேயே விழும். அளவு கடந்து சூடேறிய பிறேக்கு, மிதிக்க மிதிக்கப் பிடிப்பை இழக்கும். சரிவோரத்தில், பிறேக்கிழந்த லொறிகள் ஏறி நிற்பதற்கென மேல்நோக்கிய தனிப் பாதைகளை அமைத்து வைத்திருப்பது வீணுக்கன்று.

ஏற்றத்தில் வலிமை போதாவிடின் பயணம் தாமதமாகும். இறக்கத்தில் வலிமை போதாவிடின் பயணம் முடிந்துவிடும். பெருவண்டி வேண்டுமா என்று ஆராய்பவர் முதலில் நினைக்கவேண்டிய வேறுபாடு இதுவே.

இதனைத் தம் உயிரைப் பணயம் வைத்து அறிந்தவர் ஒருவர் உண்டு. கிளெசி கமின்ஸ் என்பவர், 1919 ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் எஞ்சின் தொழிற்சாலை ஒன்றை நிறுவியவர். ருடோல்ப் டீசல் 1897 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் இயக்கிக் காட்டிய எஞ்சினை, அமெரிக்கப் பெருஞ்சாலைகளுக்கு உரியதாக்க அரும்பாடுபட்டவர். 1931 ஆம் ஆண்டில், டீசல் எஞ்சின் பூட்டிய லொறியொன்றில் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் வரை அவர் பயணஞ் செய்தார். எஞ்சின் கண்டத்தையே கடந்து வந்தது. ஆனால் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயிலிருந்து இறங்கும்போது பிறேக்குகள் பிடிக்க மறுத்தன. சரிவின் அடியிலே சரக்கு ரயில் ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி விலகவும் லொறி தண்டவாளத்தைத் தாண்டவும் மயிரிழை இடைவெளியே இருந்தது.

அதற்குக் காரணம் டீசல் எஞ்சினின் இயல்பிலேயே உண்டு. பெற்றோல் எஞ்சினில் மிதியை விட்டதும் காற்று நுழையும் வழி அடைபடும். எஞ்சின் காற்றுக்காகத் திணறி வண்டியைப் பின்னிழுக்கும். டீசல் எஞ்சினில் அவ்வழி அடைபடுவதில்லை. உட்புகுந்த காற்றை உந்து தண்டு அமுக்குகிறது. அமுக்கிய காற்று அதே விசையோடு உந்து தண்டைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. வரவும் செலவும் சரியாகிவிட, தடை மிகச் சொற்பமே. அமுக்கிய காற்றைத் தள்ளவிடாமல், உச்சிக் கணத்தில் வெளியே திறந்துவிட்டால் என்ன என்று கமின்ஸ் பிற்காலத்தில் எண்ணினார். அவ்வெண்ணத்தில் விளைந்த எஞ்சின் பிறேக்கை 1961 ஆம் ஆண்டில் ஜேக்கப்ஸ் தொழிற்சாலை செய்து விற்கத் தொடங்கிற்று. இக்காலத்து டீசல் பிக்கப் லொறிகளில் அதனினும் எளிய முறையொன்று உண்டு. சுழலியின் இதழ்கள் நெருங்கிப் புகை வெளியேறும் வழியைக் குறுக்க, எஞ்சின் திணறி வண்டியைத் தடுக்கிறது. நீண்ட சரிவில் பிறேக்கைச் சிறிதளவே தொட்டு, ஒரே வேகத்தில் அமைதியாக இறங்குவதற்கு இதுவே துணை.

ஆகவே பெரிய டீசல் லொறிக்கு நாம் மறுப்புச் சொல்லவில்லை. அதன் உண்மையான பெருமை எஞ்சின் எழுப்பும் முழக்கத்தில் இல்லை. தடித்த சட்டத்திலும், பாரந்தாங்கும் அச்சிலும், அகன்ற பிறேக்குகளிலும், எஞ்சின் தரும் தடையிலும் இருக்கிறது. தானே பாரமாய் இருப்பதால், பின்னால் வரும் வீடு காற்றில் வீசும்போது எளிதில் அசைந்து கொடாது. இப்பயனுக்காக வாங்குபவர் நன்றாக வாங்குகிறார்.

ஆனால் இங்கேயும் ஒரு பொறி உண்டு. டீசல் எஞ்சின், அதே வரிசைப் பெற்றோல் எஞ்சினைவிடப் பல நூறு இறாத்தல் பாரமானது. 'முக்கால் தொன்' எனப்படும் வண்டிகள் பலவற்றின் மொத்தப் பார எல்லை, அரசாங்க வகுப்பு முறை காரணமாக 10,000 இறாத்தலில் நிறுத்தப்பட்டுள்ளது. எஞ்சின் எவ்வளவு பாரமோ அவ்வளவும் அந்த எல்லைக்குள் நின்றே கழியும். இதனால் மிகுந்த பணங்கொடுத்து வாங்கிய டீசல் வண்டி, மலிவான பெற்றோல் உடன்பிறப்பைவிடக் குறைவாகத் தாங்குவதுண்டு. தாங்கும் வலிமை போதாமையால் வண்டி மாற்றுபவர் கதவோரச் சீட்டைப் பாராமல் வாங்கினால், பழைய குறையைப் புதிய கடனோடு வீட்டுக்குக் கொண்டுவருவார். அவருக்கு உரியது பெரும்பாலும் 'ஒரு தொன்' வண்டியே.

செலவையும் எண்ண வேண்டும். டீசல் எஞ்சினுக்கென மட்டும் பத்தாயிரம் டொலருக்கு அண்மையான தொகை கூடுதலாக வேண்டும். 2007 ஆம் ஆண்டு தொடக்கம் புகைக்கரியைப் பிடிக்கும் வடியும், 2010 அளவிலிருந்து யூரியாக் கரைசலைத் தெளிக்கும் அமைப்பும் அவ்வெஞ்சின்களுடன் சேர்ந்துகொண்டன. காற்றின் தூய்மைக்கு இவை நல்லவை. ஆனால் எஞ்சின் நன்கு சூடேறி நெடுந்தூரம் ஓடினாலன்றி வடி தன்னைத் தானே எரித்துத் துப்புரவாக்க இயலாது. ஆண்டில் மூன்று வாரம் மலைக்கும் மற்ற நாற்பத்தொன்பது வாரம் சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு அது பொருந்திய வாழ்க்கையன்று. அத்தகைய குடும்பம் அதே பெருஞ்சட்டத்தைப் பெற்றோல் எஞ்சினோடு வாங்குதல் அறிவுடைமை. ஏற்றத்தில் ஓசை சற்று மிகும். தாங்கும் வலிமை குறையாது. இறங்கும்போது மட்டும் கியரைத் தாழ்த்திப் பொறுமையோடு இறங்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. அதை விற்பனையாளர் சொல்லமாட்டார். மேலே போட்ட கணக்கில் 7,500 இறாத்தலுக்குப் பதிலாக 5,000 இறாத்தல் இழுவை வீட்டை வைத்துப் பாருங்கள். முன்பாரம் 650 ஆகிறது. ஆட்களும் கொளுவியும் பொருள்களும் சேர 1,500 என்னும் எல்லைக்குள் சரியாக அடங்கிவிடுகிறது. மேலும் ஒரு விறகுக் கட்டுக்கு இடமில்லை என்பது உண்மையே. ஆயினும் வண்டியைப் பெருக்குவது போலவே வீட்டைச் சுருக்குவதும் ஒரு விடை. 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, அதில் வண்டியையும் அச்சையும் உவமையாக எடுத்தாண்ட வள்ளுவரைக் கற்ற நமக்கு இது புதிய பாடமன்று.

எனவே, வண்டி மாற்ற நினைக்கும் குடும்பம் கடைக்குப் போகுமுன் தராசுக்குப் போக வேண்டும். அந்நாட்டுப் பெருஞ்சாலைகளில் லொறிகள் தங்கும் நிலையங்கள் பலவற்றில் பெருந்தராசுகள் உண்டு. சிறு கட்டணத்துக்கு ஒவ்வோர் அச்சின் பாரத்தையும் நிறுத்துக் கொடுப்பர். வெறும் வண்டியை நிறுத்துப் பயனில்லை. பயணத்துக்கு எப்படிப் புறப்படுவீர்களோ அப்படியே, எல்லோரும் ஏறியிருக்க, தொட்டியில் நீர் நிரம்பியிருக்க நிறுக்க வேண்டும். ஓர் அமெரிக்கக் கலன் நீர் 8⅓ இறாத்தல். 40 கலன் கொண்ட தொட்டி நிரம்பினால் 333 இறாத்தல். படத்தில் வந்த பெண் ஒளித்து வைத்த கற்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், தம் வண்டியிலுள்ள கற்கள் எவை என்பதை அங்கே காண்பார்கள்.

தராசுச் சீட்டையும் கதவோரச் சீட்டையும் அருகருகே வைத்துக் குடும்பத்தார் ஒன்றாக இருந்து பார்க்கட்டும். கணக்குப் பயிலும் பிள்ளையே கூட்டிக் கழித்துச் சொல்லட்டும். பாரம் எல்லைக்குள் அடங்கினால், ஏற்றத்தில் மெல்லப் போகப் பழகுவது போதும், கடன் வேண்டாம். அடங்காவிடின், அயலவர் என்ன வண்டி வைத்திருக்கிறார் என்பதை மறந்து, வண்டியை மாற்றவோ வீட்டைச் சுருக்கவோ தயங்கலாகாது. எந்த வண்டியைத் தேடினாலும் விற்பவரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "இஃது எவ்வளவு இழுக்கும்?" என்பதன்று, "பிள்ளைகள் பின்னே உறங்கிக்கொண்டிருக்க, முழுப் பாரத்தோடு மலையிலிருந்து இறங்கும்போது இது எம்மைத் தாங்கி நிறுத்துமா?" என்பதே. அக்கேள்விக்கு விடை கண்டபின் வாங்குபவர் பெரிய வண்டி வாங்கினாலும் சிறிய வண்டி வாங்கினாலும் நன்றே வாங்கியவர் ஆவர்.